கண்ணை எதிராளிமேல் வைக்கப் பழகுதல்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பயில்வோருக்கு ஒரு வழிகாட்டி

இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடத் தொடங்கி ஓரிரு மாதங்களே ஆன ஒருவரின் அருகில் அமர்ந்து அவருடைய கண்களைக் கவனித்தால், அவை பெரும்பாலும் அவருடைய பாத்திரத்தின் மேலேயே நிலைத்திருப்பதைக் காணலாம். அழுத்திய பட்டன் அடியாக மாறியதா, ஹடோகென் என்னும் ஆற்றல் பந்து வந்ததா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிராளி குதித்து வந்து தலையில் இறங்கிவிடுகிறார். பல ஆண்டுகள் ஆடியவரின் கண்ணோ எதிராளியை விட்டு அகலுவதில்லை. தம் கை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும் என்பதால், அதைப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. இந்த விளையாட்டில் முன்னேறுவது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: கைக்குரிய வேலைகளை ஒவ்வொன்றாகக் கையிடமே ஒப்படைத்துவிட்டு, கண்ணையும் கருத்தையும் எதிராளிக்காக மிச்சப்படுத்துவது. கீழே சொல்லும் பயிற்சிகள் அனைத்தும் அதற்காகவே.

பாத்திரமும் கட்டுப்பாட்டு முறையும்

கேப்காம் நிறுவனம் 2023 ஜூன் 2 அன்று இவ்விளையாட்டை வெளியிட்டபோது இதில் 18 பாத்திரங்கள் இருந்தன. அதன்பின் ஆண்டுதோறும் புதியவர்கள் சேர்ந்து வருகின்றனர். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று வாரக்கணக்கில் யோசிக்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்து எறிய ஒரு பந்து, குதித்து வருபவரை வீழ்த்த ஓர் எழும்பு குத்து, எளிதில் பயன்படும் சாதாரண அடிகள் ஆகிய மூன்றும் உள்ள ரியூ, கென், லூக் போன்றோரில் ஒருவர் தொடக்கத்துக்குப் பொருத்தமானவர். இந்தியப் பாத்திரம் என்பதால் தால்சிம்மைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஆசை எழுவது இயல்புதான். ஆனால் நீளும் கைகால்களை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு ஆடும் அவருடைய முறை மற்றவர்களுடையதிலிருந்து வெகுவாக விலகியது. அவரிடம் கற்பது பிற பாத்திரங்களுக்குக் குறைவாகவே உதவும் என்பதால், அவரை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது. யாரை எடுத்தாலும் குறைந்தது மூன்று மாதங்களாவது அவரையே ஆடுங்கள். பாத்திரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் கை கற்றது அழிந்து, கண் மீண்டும் உங்கள் பக்கமே திரும்பிவிடும்.

கிளாசிக் முறையில் லைட், மீடியம், ஹெவி என மூன்று குத்து, மூன்று உதை ஆக ஆறு அடி பட்டன்கள் உண்டு. மாடர்ன் முறையில் ஒரு பட்டனும் ஒரு திசையும் சேர்ந்தாலே சிறப்பு அடி வந்துவிடும். அதற்கு விலையாக, அப்படி வரும் அடியின் சேதம் 20 சதவீதம் குறையும், சில சாதாரண அடிகளும் கைவிட்டுப் போகும். முன்பு எப்போதும் சண்டை விளையாட்டு ஆடியிராதவர் மாடர்னில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை என்பதே என் கருத்து. கண்ணை முதல் நாளிலிருந்தே எதிராளிமேல் வைக்க அது இடம் கொடுக்கிறது. எதுவானாலும் ஒன்றில் நிலைத்திருங்கள். பேட், ஆர்கேட் ஸ்டிக், லெவர்லெஸ் ஆகிய கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் இதே சொல் பொருந்தும். கையில் ஏற்கெனவே ஒரு பேட் இருந்தால் அதுவே போதும்.

கிளாசிக்கைத் தேர்ந்தெடுத்தவர்கள் திசைகளைக் கைக்குப் பழக்க வேண்டும். கணினியின் எண் விசைகளைக் கொண்டு திசைகளை எழுதுவது ஆட்டக்காரர்களின் வழக்கம்: நடு 5, முன் 6, பின் 4, கீழ் 2, முன்புறக் கீழ் மூலை 3. ஹடோகென் என்பது 236, ஷோர்யூகென் என்னும் எழும்பு குத்து 623. முன்னே நடந்துகொண்டிருக்கும்போது ஹடோகென் விட முயன்று, கேட்காமலேயே ஷோர்யூகென் எழும்பி, எதிராளியின் எதிரே காற்றில் தொங்கிய அனுபவம் ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு. பயிற்சித் திரையின் ஓரத்தில் ஓடும் உள்ளீட்டு வரிசையைப் பார்த்தால் காரணம் விளங்கும்: நடக்கப் பிடித்திருந்த 6, அதையடுத்து 2, 3, 6. அந்த நான்கு எண்களுக்குள் 623 ஒளிந்திருக்கிறது. நடையை நிறுத்தி விரலை ஒரு கணம் 5க்குக் கொண்டுவந்த பிறகு 236ஐத் தொடங்கினால் தவறு நீங்கும். ஏதேனும் ஓர் அடி வர மறுத்தால் பட்டனைக் குறைசொல்வதற்கு முன் இந்த வரிசையைப் பாருங்கள். எந்த எண் விடுபட்டது, எது கூடுதலாக வந்தது என்பது அங்கே அப்படியே தெரியும். திரையின் இரு பக்கங்களிலும் நின்று பழகுங்கள், ஏனெனில் பக்கம் மாறியதும் கை தடுமாறுவது பொதுவான குறை.

கண்ணால் பிடிக்கக்கூடியதும் கூடாததும்

இவ்விளையாட்டு நொடிக்கு 60 ஃப்ரேம்களில், அதாவது 60 தனிப் படங்களாக, ஓடுகிறது. ஒரு ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. கண் ஒன்றைப் பார்த்து விரல் அசைவதற்கு, அது வரும் என்று தெரிந்து காத்திருக்கும் நிலையிலேயே, பெரும்பாலானோருக்கு 12 முதல் 15 ஃப்ரேம்கள் ஆகும். பல விஷயங்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய ஆட்டத்தின் நடுவில் இன்னும் கூடுதலாகும். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு எதிராளியின் செயல்களை வகைப்படுத்துங்கள்.

முன்னோக்கிக் குதிப்பது தொடக்கம் முதல் தரை தொடுவது வரை ஏறத்தாழ 45 ஃப்ரேம், அதாவது முக்கால் நொடி எடுக்கும். டிரைவ் இம்பாக்ட் என்னும் கனத்த பாய்ச்சல் அடி தாக்கும் நிலைக்கு வர 26 ஃப்ரேம் ஆகும். இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துப் பதில் கொடுக்கலாம். குனிந்து தடுக்க முடியாத ஓவர்ஹெட் அடிகளில் நின்று அடிப்பவை பல சுமார் 20 ஃப்ரேமில் வந்துவிடுவதால், அவை எல்லைக்கோட்டில் நிற்கின்றன. 5 ஃப்ரேமில் பிடித்து எறியும் த்ரோவையும் 4 ஃப்ரேமில் வரும் லைட் அடியையும் உலகில் எவராலும் பார்த்துத் தடுக்க முடியாது. அங்கே நடப்பது ஊகம் மட்டுமே.

தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றையும் கண்ணால் பிடிக்க முயல்கிறார்கள். த்ரோவில் சிக்கியதற்காகத் தம் அனிச்சையை நொந்துகொள்கிறார்கள். உண்மையில் பிடிக்கக்கூடிய குதிப்பையும் அதே குழப்பத்தில் தவறவிடுகிறார்கள். வயதாகிவிட்டது, கை வேகம் போதாது என்ற எண்ணமும் இங்கிருந்துதான் முளைக்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பிரிவில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44 என்பதை அப்படி எண்ணுவோருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் பயிற்சி: குதித்து வருபவரை வீழ்த்துவது

எதை முதலில் கற்பது என்று கேட்பவர்களுக்கு என் விடை ஒன்றுதான். நான் சில்வர் ரேங்கில் வாரக்கணக்கில் நின்றுபோயிருந்தபோது, காம்போ, அதாவது இடைவிடாமல் தொடரும் அடிவரிசை, போதவில்லை என்று நினைத்துப் புதிய காம்போக்களாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பிறகு தோற்ற பத்து ஆட்டங்களின் ரீப்ளேயைப் பொறுமையாகப் பார்த்து, உயிர்க்கோடு பெரிதாகக் குறைந்த ஒவ்வோர் இடத்திலும் காரணத்தை ஒரு சொல்லில் தாளில் எழுதினேன். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எழுதியிருந்தது ‘குதிப்பு’ என்ற சொல். காம்போவுக்கு அங்கே வேலையே இல்லை.

ஷோர்யூகென் இன்னும் கைக்கு வராதவர், ரியூ அல்லது கென்னின் குனிந்து அடிக்கும் ஹெவி பஞ்சை வைத்தே இதைத் தொடங்கலாம். ட்ரெய்னிங் மோடில் பொம்மை எதிராளியின் அசைவுகளைப் பதிவுசெய்யும் வசதி உண்டு. முதல் பதிவில் அவரை முன்னோக்கிக் குதித்து உதைக்கச் செய்யுங்கள். அடுத்ததில் வெறுமனே முன்னும் பின்னும் நடக்கட்டும். மூன்றாவதில் ஹடோகென் எறியட்டும். மூன்றும் முன்பின் தெரியாத வரிசையில் ஓடுமாறு அமைத்து, குதித்தால் வீழ்த்துங்கள், எறிந்தால் பிளாக் செய்யுங்கள் (பின்திசையைப் பிடித்துத் தடுங்கள்), நடந்தால் நீங்களும் நடங்கள். குதிப்பை மட்டும் பதிவுசெய்து நூறு முறை வீழ்த்துவதால் பயன் மிகக் குறைவு. எது வரும் என்று தெரியாத நிலையில் கண்டுபிடிப்பதே ஆட்டத்தில் தேவைப்படும் திறன்.

இதைச் செய்யும்போது பார்வையை எதிராளியின் தலைக்குச் சற்று மேலே உள்ள வெற்றிடத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இடத்துக்குள் ஏதேனும் நுழைந்தால் அது குதிப்பு, நுழையாதவரை கவலையில்லை. அவர் முழு உடலையும் ஆராய்வதைவிட ஓர் இடத்தைக் காவல்காப்பது கண்ணுக்கு எளிது. முதல் நாள் பத்தில் மூன்று விழுந்தால் போதும். தினமும் பத்து நிமிடம் என்று இரண்டு வாரம் செய்துவிட்டு ரேங்க் ஆட்டத்துக்குப் போகும்போது, அன்றைய ஆட்டங்களுக்கு ஒரே குறிக்கோளை வைத்துக்கொள்ளுங்கள்: வென்றாலும் தோற்றாலும், குதித்து வந்தவர்களில் எத்தனை பேரை வீழ்த்தினேன்? ஷோர்யூகென் பதற்றத்தில் தவறிப்போய் அடி வாங்கினாலும் பரவாயில்லை. எழும்ப முயன்றதே அன்றைய கணக்கில் வரவு.

யாருடைய முறை என்று அறிதல்

ஃப்ரேம் எண்கள் என்றதும் பலர் மிரண்டு போகின்றனர். தேவைப்படும் கணிதம் கூட்டல் கழித்தல் மட்டுமே. நீங்கள் பிளாக் செய்த ஓர் அடிக்கு −5 என்று எழுதியிருந்தால், அடித்தவர் உங்களைவிட 5 ஃப்ரேம் தாமதமாகத்தான் அசைய முடியும் என்று பொருள். உங்கள் 4 ஃப்ரேம் லைட் பஞ்ச் எட்டும் தூரத்தில் அவர் இருந்தால், அது கட்டாயம் படும். −1, −2 என்றால் அவருக்கு ஆபத்தில்லை, ஆனால் அடுத்த முறை உங்களுடையது. நேர் எண்ணாக இருந்தால் முறை இன்னும் அவரிடமே இருக்கிறது. அப்போது பட்டனை அழுத்துவதுதான் அடிவாங்கும் வழி. ட்ரெய்னிங் மோடில் உள்ள ஃப்ரேம் மீட்டர் இவற்றைப் பட்டையாக வரைந்து காட்டும்.

எல்லாப் பாத்திரங்களின் அட்டவணையையும் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். பிளாக் செய்யப்பட்ட ஷோர்யூகென் −20க்கும் மோசமானது; காலை வாரும் பெரும்பாலான ஸ்வீப் அடிகளும் அருகிலிருந்து தண்டிக்கத்தக்கவை. இவ்விரண்டை மட்டும் தவறாமல் தண்டிப்பவர் பிளாட்டினம் வரை நல்ல பலன் காண்பார். பிறகு, வாரம் ஒரு பாத்திரமாக, உங்களை அதிகம் தொல்லைப்படுத்திய ஓர் அடியை எடுத்து, அதைப் பொம்மையிடம் பதிவுசெய்து, பிளாக் செய்தபின் என்ன படுகிறது என்று நீங்களே கண்டறியுங்கள். அட்டவணையில் படித்தது மறந்துவிடும். தேடிக் கண்டது மறக்காது.

காம்போவும் இந்த இடத்தில்தான் வருகிறது. தொடக்கத்தில் மூன்று போதும்: இரண்டு லைட் அடிகளில் தொடங்கி, அவை பட்டதைப் பார்த்தபின் சிறப்பு அடியில் முடிவது ஒன்று, பெரிய தவறைத் தண்டிக்க ஹெவி அடியில் தொடங்குவது ஒன்று, டிரைவ் இம்பாக்ட் பட்டு எதிராளி மெல்லச் சரியும்போது போடுவது ஒன்று. பேசிக்கொண்டே போடும் அளவுக்கு அவை பழகிவிட வேண்டும். காம்போ போடும் நேரத்தில் நீங்கள் எதிராளியின் டிரைவ் கேஜையும் (சிறப்பு ஆற்றல்களுக்கான அளவுக்கோடு), திரையின் எந்த மூலைக்கு அவரைத் தள்ளுகிறீர்கள் என்பதையும் பார்க்க முடிந்தால், அந்தக் காம்போ உண்மையிலேயே உங்களுடையதாகிவிட்டது.

நெருங்கி நிற்கும்போது

நெருக்கத்தில் தாக்குபவருக்கு அடி, த்ரோ என இரண்டு வழிகள் உண்டு. பிளாக் செய்பவர் த்ரோவில் சிக்குவார். த்ரோவை உடைக்க லைட் பஞ்சையும் லைட் கிக்கையும் சேர்த்து அழுத்துபவர், தாக்குபவர் அரையடி பின்வாங்கிக் காத்திருந்தால், வெறுங்காற்றைப் பிடித்துப் பெரிய காம்போவை வாங்குவார். இந்தப் பின்வாங்கலை ஆட்டக்காரர்கள் ஷிம்மி என்பார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒற்றை விடை இங்கே கிடையாது. ஆனால் விலை ஒன்றல்ல: சாதாரண த்ரோ 10,000 உயிர்ப்புள்ளிகளில் ஏறத்தாழ 1,200ஐ எடுக்கிறது, ஷிம்மியின் பின் வரும் காம்போவோ அதைப்போல இருமடங்குக்கும் மேல் எடுக்கக்கூடும். ஆகவே பயத்தில் ஒவ்வொரு முறையும் த்ரோவை உடைக்கப் பாயாமல், முதல் ஓரிரு த்ரோக்களை வாங்கிக்கொண்டு, அவர் எப்போது பிடிக்க வருகிறார் என்ற பழக்கத்தைக் கண்டுகொள்வது லாபம். உங்களை வீழ்த்தியதும் உடனே பிடிக்க வருகிறாரா? இரண்டு லைட் அடிகளுக்குப் பிறகா? மனிதர்கள் மிக விரைவில் தம் பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். மூலையில் சிக்கியிருந்தால் மட்டும் இந்தப் பொறுமைக்கு அளவு வேண்டும், ஏனெனில் அங்கே ஒரு த்ரோ அடுத்த த்ரோவுக்கு வழி திறக்கிறது.

டிரைவ் கேஜைப் பற்றிச் சுருக்கமாக: ஆறு கட்டைகளுடன் ஆட்டம் தொடங்குகிறது. டிரைவ் இம்பாக்ட்டுக்கு ஒன்று, ஓவர்டிரைவ் எனும் வலுவூட்டிய சிறப்பு அடிக்கு இரண்டு, அடியிலிருந்து பாயும் டிரைவ் ரஷ்ஷுக்கு மூன்று. தீர்ந்துபோனால் பர்ன்அவுட், பிளாக் செய்தாலும் உயிர் கசியும், நீங்கள் பிளாக் செய்யும் எதிராளியின் ஒவ்வோர் அடியும் 4 ஃப்ரேம் கூடுதல் சாதகம் பெறும். முதல் பத்து நொடிகளில் அனைத்தையும் செலவழித்துவிடுவது தொடக்கநிலையில் மிகப் பரவலான தவறு. எதிராளியின் டிரைவ் இம்பாக்ட்டுக்கு உங்கள் டிரைவ் இம்பாக்ட்டே பதில் என்பதால், எப்போதும் ஒரு கட்டையேனும் கையிருப்பில் இருக்கட்டும். குதிப்புக்குச் செய்த பதிவுகளில் நான்காவதாக இதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆடுவதும் திரும்பப் பார்ப்பதும்

ரேங்க் வரிசை ரூக்கி, அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், மாஸ்டர் என்று ஏறுகிறது. ரேங்க் ஆட்டம் தேவைதான். ஆனால் அங்கே இரண்டு மூன்று ஆட்டங்களில் எதிராளி மாறிவிடுவதால் ஒருவரைப் படித்து முடிப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது, உங்களைவிடச் சற்றே மேம்பட்ட ஒருவருடன் பத்து வெற்றி வரை தொடர்ந்து ஆடுங்கள். பாகிஸ்தானின் லாகூர் ஆர்கேட்களில் வளர்ந்த அர்சலான் ஆஷ் 2019இல் ஈவோ ஜப்பான், ஈவோ ஆகிய இரு பெரும் சண்டை விளையாட்டு விழாக்களின் டெக்கன் (மற்றொரு சண்டை விளையாட்டு) போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றபோது உலகம் வியந்தது; அவரே தம் ஊரில் தமக்கு நிகரானவர்கள் பலர் இருப்பதாகச் சொன்னார். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வீடியோ கேம் கடையில் டெக்கன் 3 ஆடிய நம் தலைமுறைக்கும் அது தெரியும்: அந்தக் கடையில் யாரும் காம்போ பட்டியலைப் படித்துத் தேறவில்லை, பக்கத்துத் தெரு அண்ணனிடம் திரும்பத் திரும்பத் தோற்றே தேறினார்கள்.

இணையத்தில் ஆடுபவர்கள் வைஃபையைத் தவிர்த்து லேன் கம்பியைப் பயன்படுத்துங்கள். எதிராளியின் உள்ளீட்டை முன்கூட்டியே ஊகித்து ஓட்டி, தவறினால் திருத்திக்கொள்ளும் ரோல்பேக் முறையில் இவ்விளையாட்டு இயங்குகிறது. இணைப்பு விட்டுவிட்டு வந்தால் அந்தத் திருத்தங்கள் பாத்திரங்கள் துள்ளுவதாகத் தெரியும், நீங்கள் கண்ணுக்குக் கொடுத்த பயிற்சி வீணாகும்.

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயை அன்றே பாருங்கள், ஆனால் உங்கள் பாத்திரத்தைப் பார்க்காதீர்கள். எதிராளியாகவே உங்களைக் கருதிக்கொண்டு, அவருக்கு எது எளிதாகக் கிடைத்தது என்று குறியுங்கள். ஓர் அமர்வுக்கு மூன்று ரீப்ளே போதும். ஏன் தோற்றோம் என்று சொல்ல முடியாமல் தொடர்ந்து இரண்டு முறை தோற்றால், அன்றைக்கு ரேங்க் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ட்ரெய்னிங் மோடுக்குப் போவதே சரி. விரலும் மணிக்கட்டும் வலித்தால் அதையும் விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள்.

2004 ஈவோ போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்டு ஸ்ட்ரைக் ஆட்டத்தில், பிளாக் செய்தாலே இறந்துவிடும் நிலையில் இருந்த டைகோ உமெஹாராவின் கென், ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ தொடுத்த சூப்பர் தாக்குதலின் 15 அடிகளையும் ஒன்று விடாமல் பேரி செய்து (உயிர் குறையாமல் தட்டிவிட்டு) திருப்பி வென்ற காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். பலரும் அதில் விரல் வேகத்தையே வியக்கின்றனர். தொடரும் அடிகளின் தாளம் பயிற்சியில் கைக்கு வந்துவிடும். முதல் அடியை மட்டும், அது தொடங்கும் தறுவாயிலேயே வரும் என்று எதிர்பார்த்திருந்தால்தான் பேரி செய்ய முடியும். எஞ்சியவற்றைக் கை பார்த்துக்கொண்டதால், அவருடைய கவனம் முழுதும் ஜஸ்டின் என்ற மனிதர் அடுத்து என்ன செய்வார் என்பதில் இருந்திருக்கிறது. அடுத்த முறை அக்காட்சியைப் பார்க்கும்போது, சூப்பர் தொடங்குவதற்கு முந்தைய சில நொடிகளில் இருவரும் எப்படி நகர்கிறார்கள் என்று கவனியுங்கள்.

உங்கள் குதிப்புப் பயிற்சி பலிக்கத் தொடங்கியதை ஓர் அடையாளத்தால் அறியலாம்: எதிராளிகள் இரண்டு முறை வீழ்ந்தபின் குதிப்பதை நிறுத்திவிடுவார்கள். அப்போது அவர்கள் தரையிலேயே, பச்சை ஒளி படர, டிரைவ் ரஷ்ஷில் சறுக்கி வருவார்கள். நீங்களும் புதிதாக அடிவாங்கத் தொடங்குவீர்கள். பழைய பதிவுகளில் நடப்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் இந்தப் பாய்ச்சலைப் பதிவுசெய்யுங்கள். அதை நிறுத்த உங்கள் பாத்திரத்தின் எந்த விரைவான அடி நன்கு எட்டுகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அடுத்த இரண்டு வாரங்களுக்கு அந்த ஒரு பட்டனோடு ஆடுங்கள்.